முதலில் சோதனை, பிறகு பத்தியம்



காலையில் ரொட்டி சானாய், மாலையில் மீ, பண்டிகை வந்தால் ரவா உருண்டை. சோற்றுக்கு அடுத்தபடியாக நம் வீடுகளில் கோதுமை இடம்பிடித்துவிட்டது. பெரும்பாலோருக்கு அதனால் கேடில்லை. சிலருக்கு மட்டும், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். இதுவே சீலியாக் நோய். ஓயாத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், பிள்ளைகள் வளராமை, இரும்புச்சத்து மாத்திரைக்கும் தீராத சோகை ஆகியவை இதன் அறிகுறிகளாகலாம்.

இதைக் கண்டறிய முதலில் செய்யப்படுவது டி.டி.ஜி.–ஐ.ஜி.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. குடலைத் தாக்கும் எதிர்ப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதை அது அளக்கிறது. முடிவுத் தாளில் நம் அளவும், பக்கத்தில் அந்த ஆய்வுக்கூடம் வகுத்த எல்லையும் இருக்கும். எல்லை இடத்துக்கு இடம் மாறும். ஆகவே அடுத்த வீட்டாரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

எல்லையைச் சற்றுத் தாண்டினால் அது சந்தேகமே. மேலும் சோதிக்க வேண்டும். பல மடங்கு தாண்டினால் நோய் இருக்க வாய்ப்பு மிகுதி. பெரியவர்களுக்குப் பொதுவாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தே உறுதி செய்வார்கள். பிள்ளைகளுக்கு அளவு 10 மடங்கை எட்டி, மறுமுறை எடுத்த இரத்தத்தில் ஈ.எம்.ஏ. என்னும் சோதனையும் நோயைக் காட்டினால், துணுக்கு எடுக்காமலே நிபுணர் முடிவு செய்வதுண்டு.

எல்லைக்குள் இருந்தால் நோயே இல்லையா? இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சிலர் உடலில் ஐ.ஜி.ஏ. பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு நோயிருந்தும் சோதனை பொய்யாகச் சரியென்று காட்டும். அதனால்தான் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்கிறார்கள். இரண்டாவது, பிறர் சொல்கேட்டு முன்கூட்டியே கோதுமையை நிறுத்துவது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் மறைந்துகொள்ளும். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் நாள்தோறும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு உண்டிருக்க வேண்டும்.

நோய் உறுதியானால் பத்தியம் வாழ்நாள் முழுவதும். சோறு, இட்லி, மீன், கீரை, பருப்பு எல்லாம் உண்ணலாம். கடைப் பெருங்காயத்திலும் சோயா கிச்சாப்பிலும் கோதுமை கலந்திருக்கலாம்; மால்ட் பானத்தில் பார்லி உண்டு. ரவையும் கோதுமையே. பத்தியம் சரியாக நடந்தால், மாதங்கள் செல்லச் செல்ல அதே எண் இறங்கி வரும். குடல் ஆறி வருவதற்கு அது நல்ல அடையாளம்.

வாழ்நாள் பத்தியத்தை வீணாகச் சுமக்கவும் வேண்டாம். வேண்டியவர் தவறவிடவும் வேண்டாம். மருத்துவரைக் கேட்டறியும் முன் தட்டிலிருந்து ரொட்டியை அகற்றாதிருப்போம்.