வெயிலுக்கு ஒரு வேலை!

நாளைக் காலை ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் உங்கள் டூத்பேஸ்ட்டை ஒரு நிமிஷம் பாருங்கள். பல பேஸ்ட்டுகளில் அந்தப் பளீர் வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற பவுடர். ஆபீஸ் சுவரின் வெள்ளை பெயிண்ட்டிலும் அதேதான். பார்த்தால் பரம சாது. ஆனால், வெயில் பட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் விஷ உலோகத்தையே பிடித்துக் கொடுக்கும்!

1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா என்ற மாணவர், இதன் படிகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வெளிச்சம் அடித்தார். குமிழ் குமிழாக வாயு கிளம்பியது. வெளிச்சத்தாலேயே தண்ணீர் பிரிகிறது! பேராசிரியர் ஹோண்டாவும் அவரும் 1972-ல் 'நேச்சர்' இதழில் எழுத, உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த வித்தை நமக்கு எதற்கு? ராணிப்பேட்டைக்கு வாருங்கள். தோல் பதனிட உதவும் குரோமிய ரசாயனங்கள் தயாரித்த ஓர் ஆலை, 1990-களில் மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேல் கழிவைத் திறந்த வெளியில் விட்டுப் போனது. மழையில் கரைந்து நிலத்தடி நீர் மஞ்சளானது. அதிலிருப்பது குரோமியம்-6. புற்றுநோய் வரவழைக்கும் ஆசாமி. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது. அதாவது, ஆயிரம் லிட்டர் டாங்க்கில் ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இருக்கக் கூடாது.

இங்கேதான் நம் வெள்ளைப் பவுடர் வருகிறது. புற ஊதாக் கதிர் பட்டதும், மானேஜரைக் கண்ட கிளார்க் மாதிரி அதிலுள்ள எலெக்ட்ரான் சீட்டை விட்டு எழுந்துவிடும். அப்படி எழுந்தவற்றில் மூன்று போய்ச் சேர்ந்தால் குரோமியம்-6, குரோமியம்-3 ஆகிவிடும். விஷம் பல மடங்கு குறைவு. கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் கசடாகப் படியும். வடிகட்டி எடுத்துவிடலாம். பவுடரோ செலவாகாது, மறுபடி வேலைக்கு ரெடி. அதனால்தான் அதற்கு ஒளி வினையூக்கி என்று பெயர்.

'அப்புறம் என்ன, ஊர் ஊராகத் தூவ வேண்டியதுதானே?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள் சார். வெயிலில் புற ஊதாக் கதிர் சுமார் 5 சதவிகிதம்தான். மிச்ச வெளிச்சத்தையும் பயன்படுத்துகிற வினையூக்கிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தூவின பவுடரைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுப்பதும் பெரும்பாடு.

இன்னொன்று முக்கியம். சாயத்தை, பூச்சிமருந்தை வெளிச்சத்தால் சிதைத்துவிடலாம். உலோகம் அப்படி இல்லை. அது தனிமம், அழியவே அழியாது. கசடாகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கசடைக் கண்ட இடத்தில் கொட்டினால், மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடோடு சேர்ந்து மறுபடி குரோமியம்-6 ஆகக்கூடும். கதை திரும்ப முதல் ரீலுக்கே போய்விடும்.

விஷத்தைப் பிடித்துக் கொடுப்பது வரை வெயில் பார்த்துக்கொள்ளும். சம்பளமும் கேட்காது, லீவும் போடாது. பிடித்ததைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிற வேலை நம்முடையது. அதில் மட்டும் லீவு போட்டுவிடக் கூடாது!