காணாத வானத்துக்குக் கொடுத்த விலை

2016 ஆகஸ்ட் மாதத்தில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளிக் காணொளி விளையாட்டு வெளியானது. தொழில்முறை விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டித் தரும் 'மெட்டாகிரிட்டிக்' தளத்தில், அதன் பிளேஸ்டேஷன் பதிப்புக்குக் கிடைத்த சராசரி 100-க்கு 71. நம் தேர்வு முறையில் அது முதல் வகுப்பு. ஆனால், அதே விளையாட்டை விலை கொடுத்து வாங்கியவர்களோ ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தெழுந்தனர். கணினிப் பதிப்பை விற்ற 'ஸ்டீம்' தளத்தில் பயனாளர்களின் அண்மைக்கால மதிப்புரைகள் ஒரு கட்டத்தில் ஆகக் கடைசிப் படிநிலைக்கு இறங்கின.

ஒரே பொருள், இரு தீர்ப்புகள். விமர்சகர்கள் தாராளமாக மதிப்பெண் போட்டுவிட்டார்களா, அல்லது வாங்கியவர்கள் பொறுமையற்றவர்களா? இரண்டும் இல்லை என்பதே என் கருத்து. காணாத பொருளுக்கு முன்பணம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. விளையாட்டில் நாட்டமில்லாதவர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தின் கில்ட்ஃபர்ட் நகரில் இயங்கும் 'ஹலோ கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது இவ்விளையாட்டு. அதற்கு முன் அந்நிறுவனம் அறியப்பட்டது 'ஜோ டேஞ்சர்' என்ற மோட்டார் சைக்கிள் சாகச விளையாட்டுக்காக. 2013 டிசம்பரில் அமெரிக்க விருது நிகழ்ச்சி ஒன்றில் புதிய விளையாட்டின் முன்னோட்டம் வெளியானது. கடலடியில் தொடங்கி, தரைக்கு வந்து, கலமேறி, எந்த இடையீடுமின்றி விண்வெளிக்குள் பாயும் காட்சி அது. அடுத்த ஆண்டு ஜூனில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த 'ஈ3' கண்காட்சியில் சோனி நிறுவனம் இதைத் தன் மேடையில் ஏற்றியது. அன்று முதல், பெருநிறுவனங்களின் படைப்புகளுக்கு நிகரான எதிர்பார்ப்பு இந்தச் சிறு குழுவின் தோளில் ஏறியது.

அந்த எதிர்பார்ப்பின் மையத்தில் ஓர் எண் இருந்தது. விளையாட்டில் உள்ள கோள்களின் எண்ணிக்கை இரண்டின் 64-ஆம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி. நொடிக்கு ஒரு கோள் என்று பார்த்து வந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். நாம் வாழும் பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இத்தனை கோள்களையும் யாரும் வரைந்து வைக்கவில்லை. எந்தக் கணினியிலும் சேமித்து வைக்கவும் இல்லை. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு வித்து எண் உண்டு. விளையாடுபவர் நெருங்கும்போது, அந்த எண்ணிலிருந்து மலையும் மரமும் விலங்கும் கணித விதிகளின்படி அந்தக் கணத்தில் உருவாகின்றன. அவர் விலகிச் சென்றதும் மறைகின்றன. திரும்பி வந்தால், அதே வித்து அதே உலகைத் தருகிறது. தொழில்நுட்பமாக இது வியக்கத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால், எண்ணிக்கை வேறு, வகை வேறு. விதிகள் சிலவே என்றால், அவை ஈனும் உலகங்களும் உடன்பிறந்தோர் போலத்தான் இருக்கும். முதல் கோளில் இறங்கும்போது பிரமிப்பு. பத்தாவது கோளில் பழக்கம். முப்பதாவது கோளில் சலிப்பு. பள்ளியில் படித்த, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிக்க இயலாது. கோடி கோடி என்ற சொல் வாங்குவோர் மனத்தில் முடிவில்லாத வியப்பு என்று பொருள்பட்டது. விற்பவர் சொன்னதோ கோள்களின் எண்ணிக்கையை மட்டுமே.

எண்ணிக்கையோடு வாய்மொழி உறுதிகளும் சேர்ந்தன. நிறுவனத் தலைவர் ஷான் மர்ரே பல நேர்காணல்களில் பேசினார். விளையாடுவோர் ஒருவரையொருவர் சந்திக்க முடியுமா என்று கேட்கப்பட்டபோது, முடியும், ஆனால் பேரண்டம் மிகப் பெரியது என்பதால் அது மிக அரிது என்ற பொருளில் பதில் அளித்தார். வேறு சிலவற்றைக் குறித்து அவர் அதிகம் விவரிக்கவில்லை. வீரர்கள் தாமே கண்டறிய வேண்டும் என்பதற்காக மறைத்து வைக்கிறார்கள் என்று ரசிகர்கள் எண்ணினர். சொல்லப்படாத இடங்களையெல்லாம் தத்தம் ஆசைகளால் நிரப்பிக்கொண்டனர்.

இங்கேதான் பொருளியல் உதவிக்கு வருகிறது. பிலிப் நெல்சன் என்ற அறிஞர் 1970-இல் பொருள்களை இரு வகையாகப் பிரித்தார். வாங்கும் முன்பே தரத்தைச் சோதித்துவிடக்கூடியவை ஒரு வகை. நுகர்ந்த பிறகே தரம் தெரிபவை மற்றொரு வகை. புடவையைக் கடையிலேயே விரித்துப் பார்த்துவிடலாம். திரைப்படத்தின் தரம் அரங்கை விட்டு வெளியே வரும்போதுதான் தெரியும். பின்னதை 'அனுபவப் பொருள்' என்பர். காணொளி விளையாட்டு அனுபவப் பொருள்களிலும் கடுமையான வகை. திரைப்படத்துக்கு மூன்று மணி நேரம் போதும்; இவ்விளையாட்டின் சலிப்பு வெளிப்பட பத்து, இருபது மணி நேரம் தேவைப்பட்டது.

அத்தகைய பொருளுக்கு முன்பதிவு செய்வது என்ன? தன் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தை, அதாவது தரம் தெரியும்வரை பணம் தராமலிருக்கும் உரிமையை, வாங்குபவர் தாமே ஒப்படைத்துவிடுவது. விற்பவருக்கும் அதனால் ஊக்கம் திசைமாறுகிறது. வருவாயின் பெரும்பகுதி வெளியீட்டுக்கு முன்பும் முதல் சில நாள்களிலும் வந்துவிடுமானால், பொருளைச் செம்மைப்படுத்துவதைவிட எதிர்பார்ப்பைச் செம்மைப்படுத்துவதே லாபகரமாகிவிடும். அறுபது டாலர் என்ற முழு விலைக்கு, சிறு குழுவின் படைப்பு ஒன்று முன்கூட்டியே விற்றதன் பின்னணி இதுதான்.

எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு உடைமையாகவே மாறியிருந்தது என்பதற்குச் சான்று உண்டு. 2016 மே மாதத்தில், ஜூனில் வர வேண்டிய விளையாட்டு ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்காகத் தமக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக மர்ரே தெரிவித்தார். இன்னும் கையில் வராத ஒன்றை யாரோ பறித்துக்கொண்டதாக மக்கள் உணர்ந்தனர். ஜூலை இறுதியில், ரசிகர் ஒருவர் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு பிரதியை முன்கூட்டியே பெற்றார். ஏறத்தாழ 30 மணி நேரத்தில் விண்மீன் மண்டலத்தின் மையத்தை அடைந்துவிட்டதாகவும், சில குறைகள் இருப்பதாகவும் அவர் எழுதினார். சந்தைக்குக் கிடைத்த முதல் உண்மையான தகவல் அது. பலரும் அதை நம்ப விரும்பவில்லை.

வெளியீட்டுக்கு முந்தைய நாள், இது பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டு அல்ல என்றும், அந்த அனுபவத்தைத் தேடி வர வேண்டாம் என்றும் மர்ரே சமூக ஊடகத்தில் அறிவித்தார். நேர்மையான அறிவிப்புதான், ஆனால் முன்பதிவு செய்தவர்களின் முடிவை மாற்றும் காலம் கடந்துவிட்டது. விளையாட்டு வெளியான உடனேயே இரு வீரர்கள் ஒரே கோளின் ஒரே இடத்தை அடைந்து, அருகருகே நின்றனர். ஒருவர் திரையில் மற்றவர் தெரியவில்லை. மிக அரிது என்று சொல்லப்பட்ட சந்திப்பு முதல் நாளிலேயே நேர்ந்ததும், அது நடந்தும் நடக்காமல் போனதும் ஏமாற்றத்தின் அடையாளமாயின.

இனி, இரு தீர்ப்புகளுக்கு வருவோம். போதோண்ட் கோசெகி, மேத்யூ ராபின் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2006-இல் முன்வைத்த கோட்பாடு, மனிதர் லாப நட்டத்தை அளக்கும் தொடக்கப் புள்ளி அவரது எதிர்பார்ப்பே என்கிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே விழும் ஓர் அங்குலம், மேலே ஏறும் ஓர் அங்குலத்தைவிட அதிகமாக உறுத்தும். தம் தொழிலின் பகுதியாக விளையாடிய விமர்சகர், தம் முன் இருந்த படைப்பை மற்றப் படைப்புகளோடு ஒப்பிட்டார். அழகான, ஆனால் திரும்பத் திரும்ப வரும் விளையாட்டு என்று 71 மதிப்பெண் தந்தார். வாங்கியவரோ, மூன்றாண்டுகளாகத் தம் மனத்தில் கட்டிய விளையாட்டோடு ஒப்பிட்டார். முன்னவர் அளந்தது படைப்பை; பின்னவர் அளந்தது வாக்குறுதியை. அவரவர் அளவுகோலில் இருவர் தீர்ப்பும் சரியே.

சட்டத்தின் அளவுகோல் மூன்றாவது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், ஸ்டீம் தளத்தில் இருந்த படங்களும் முன்னோட்டங்களும் தவறான எண்ணத்தை ஏற்படுத்தின என்ற புகார்களை விசாரித்தது. உலகங்கள் விதிகளின்படி உருவாவதால், ஒவ்வொருவரும் காண்பது வேறுபடும் என்று நிறுவனம் வாதிட்டது. விளம்பரம் விதிமீறல் அல்ல என்று 2016 நவம்பர் இறுதியில் ஆணையம் முடிவு செய்தது. ஆணையத்தின் முன் இருந்தது விற்பனைப் பக்கம் மட்டுமே. எதிர்பார்ப்பை வளர்த்த மேடைப் பேச்சும் நேர்காணலும் மௌனமும் அந்த வரம்புக்குள் வரவில்லை.

பணத்தைத் திரும்பப் பெறும் வசதியும் ஓரளவே கைகொடுத்தது. வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்பது ஸ்டீமின் பொது விதி. இரண்டு மணி நேரம் என்பது இந்த விளையாட்டின் பிரமிப்பு இன்னும் கலையாத நேரம். குறை தெரிவதற்குள் உரிமை காலாவதியாகிவிட்டது. 2016 நவம்பரில் ஸ்டீம் தளம், விளையாட்டில் உண்மையாகவே காணும் படங்களையே விற்பனைப் பக்கத்தில் இட வேண்டும் என்று நிறுவனங்களுக்கு வலியுறுத்தியது வரவேற்கத்தக்க சிறு சீர்திருத்தம்.

இக்கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. சில மாத மௌனத்துக்குப் பின், 2016 நவம்பரில் முதல் பெரிய மேம்பாடு இலவசமாக வந்தது. 2018 ஜூலையில் வெளியான 'நெக்ஸ்ட்' என்ற மேம்பாடு, வீரர்கள் ஒருவரையொருவர் கண்டு சேர்ந்து விளையாட வழி செய்தது. அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை. 2020-இல் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில், தொடர்ந்து வளர்க்கப்படும் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. 2024 இறுதியில் ஸ்டீம் தளத்தின் ஒட்டுமொத்த மதிப்பீடும் மிகவும் சாதகம் என்ற நிலையை எட்டியது.

இதை மீட்சியின் காவியமாகப் பலர் போற்றுகின்றனர். உழைப்பைப் பாராட்டுவோம், ஆனால், கணக்கையும் பார்ப்போம். இந்தச் செப்பனிடுதலுக்கான மூலதனம் எங்கிருந்து வந்தது? முதலில் ஏமாந்தவர்கள் கொடுத்த பணத்திலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்க வேண்டும். முன்பணம் கொடுத்தவர், தாம் அறியாமலேயே முதலீட்டாளர் ஆனார். பங்கு மட்டும் கிடைக்கவில்லை. 2018-இல் பாதி விலைக்கு வாங்கியவரோ முழுமையான பொருளைப் பெற்றார்.

எல்லா நிறுவனங்களும் இப்படித் திரும்பி வருவதும் இல்லை. 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' என்ற பெருநிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஆந்தம்' விளையாட்டும் ஏமாற்றம் அளித்தது. அதைச் சீரமைக்கும் திட்டம் 2021-இல் கைவிடப்பட்டது. ஹலோ கேம்ஸ் போன்ற சிறு நிறுவனத்துக்கு நற்பெயரே முழு மூலதனம். அது போனால் அடுத்த படைப்பை வாங்க ஆளிருக்காது. நூறு பொருள்களை விற்கும் நிறுவனத்துக்கு ஒரு தோல்வி கணக்கேட்டில் ஒரு வரி. எனவே, பிறகு சரிசெய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இன்று முழு விலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

சான்ஃபோர்ட் கிராஸ்மன், பால் மில்குரோம் ஆகியோர் 1981-இல் தனித்தனியே நிறுவிய ஒரு முடிவை இங்கே நினைவூட்டலாம். நல்ல செய்தி இருந்தால் விற்பவர் தாமே முன்வந்து சொல்வார். ஆகவே, அவர் மௌனம் காக்கும் இடத்தில் அறிவார்ந்த வாங்குநர் குறைவானதையே ஊகிக்க வேண்டும். 2016-இல் ரசிகர்கள் செய்தது இதற்கு நேர்மாறு. மௌனத்தை வியப்பின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டனர்.

ஹலோ கேம்ஸ் 2023 டிசம்பரில் 'லைட் நோ ஃபயர்' என்ற தன் அடுத்த படைப்பை அறிவித்தது. பூமியளவு பெரிய ஒற்றை உலகில் பலர் சேர்ந்து வாழும் விளையாட்டு அது என்று சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னபடியே அமையலாம், அமைய வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால், இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். இணையத்தில் இறக்கும் விளையாட்டு கையிருப்பு தீர்ந்து போகும் சரக்கன்று. முதல் நாள் வாங்காவிட்டால் இழப்பு எதுவும் இல்லை. காட்டப்படாததை இல்லாததாகவே கொள்ளுங்கள். முதலில் வாங்கியவர்கள் இருபது மணி நேரம் விளையாடி எழுதும்வரை காத்திருங்கள். அந்தச் சில நாள் பொறுமைக்குச் செலவு ஏதும் இல்லை. தரம் தெரியும்வரை பணமும் உங்களிடமே இருக்கும்.