மஞ்சள் பையும் மறைந்த ஏரியும்

மஞ்சள் பையைக் கண்டு நகைத்தனர் ஒரு காலத்தில்! பட்டணத்தில் வந்திறங்கும் பட்டிக்காட்டானுக்கு அதுவே அடையாளம் என்றனர். திரைப்படத்திலே கோமாளியின் கக்கத்திலே அதைச் செருகிக் கொட்டகை அதிரச் சிரிக்க வைத்தனர். திருமண வீட்டிலே தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த பையை மறுநாள் கடைத்தெருவுக்கு எடுத்துப் போக நம் வீட்டு இளைஞனே நாணினான். பளபளக்கும் பிளாஸ்டிக் பை நாகரிகம். பருத்தித் துணியிலே தைத்த பை பத்தாம்பசலி! இப்படியொரு தீர்ப்பை எழுதி நம் தலையிலே கட்டியவர் எவர்? பை விற்றவர்!

அந்தத் தீர்ப்பு இன்று திருத்தி எழுதப்படுகிறது. எழுதுபவன் நம் வீட்டு மாணவன்.

காலை நேரத்திலே தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்திலே நின்று பாருங்கள், தோழர்களே! கல்லூரிக்கு விரையும் கூட்டத்திலே, தோளிலே துணிப்பை தொங்க, அதிலே வீட்டுத் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் புட்டி தலை நீட்ட, மாணவர் சிலர் நடந்து போவதைக் காண்பீர்கள். பலர் அல்லர், சிலர்தான். கறுப்புச் சட்டை அணிந்து முதன்முதலில் தெருவிலே நடந்தவர்களும் சிலர்தானே!

இவனுடைய தந்தை சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்திலே இயந்திரத்தின் முன் நிற்பவராக இருக்கலாம், கொத்தனாராக இருக்கலாம், சந்தையிலே மூட்டை சுமப்பவராக இருக்கலாம். அந்த வீட்டிலே கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை இவன். சுற்றுச்சூழல் இவனுக்குக் கட்டாயப் பாடம். 1991-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் வழியே வந்த பாடம் அது. தேர்வுக்காகப் படிக்கிறான், படித்ததை வீட்டுக்கும் கொண்டு வருகிறான். "கடையிலே கேரி பேக் வாங்காதப்பா! குப்பையை இரண்டாகப் பிரித்து வையம்மா! குழாயை மூடுங்கள்!" என்கிறான். தந்தைக்குச் சிரிப்பு வருகிறது. "ஏண்டா, நாங்கள் எதையடா தூக்கி எறிந்தோம், எங்களுக்குப் பாடம் சொல்ல?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி! எஞ்சிய சோற்றிலே நீர் ஊற்றி வைத்து விடிந்ததும் உண்டவன் ஏழை. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு ஆக்கி, தம்பி கிழித்ததை அடுப்படிக் கைப்பிடித் துணியாக்கியவள் அவன் மனைவி. பழைய தாளும் உடைந்த இரும்பும் காயலாங்கடைக்குப் போயின. கடையிலே குழம்பு வாங்கத் தூக்குவாளி போயிற்று. அரிசி கழுவிய நீர் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. ஆனால், இதைச் சொல்லிவிட்டு, "ஆகா, ஏழ்மையிலேதான் எத்துணைத் தூய்மை!" என்று பாடுவோர் பின்னால் நாம் போகமாட்டோம். இல்லாமை தந்த சிக்கனம் அது. குளிர்சாதன அறையிலே சாய்ந்துகொண்டு, குடிசை வீட்டு மின்விசிறியைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. நம் வீட்டிலும் விசிறி சுழலட்டும். நம் சமையலறையிலும் மிக்சி ஒலிக்கட்டும்.

மாணவன் இதை அறியாதவன் அல்லன். அவன் பையோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நாம் சொல்ல வந்தது. எறியப்பட்ட பை எந்த வழியே போகிறது என்று பின்தொடர்ந்து போகிறான் அவன்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டிலே 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. தடை உண்டு, இயக்கம் உண்டு, பூக்கடையிலே பிளாஸ்டிக் பையும் உண்டு! வாங்கி வந்த பை வாசலிலே விழுகிறது. மழை அதை வடிகாலுக்குத் தள்ளுகிறது. வடிகால் அதை ஏரிக்குத் தள்ளுகிறது. ஏரியிலிருந்து?

இங்கேதான் நம் முன்னோரின் அறிவைக் காண்கிறான் மாணவன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியே கோவளம் கழிமுகம் சென்று கடல் சேர வேண்டும் நீர். மேட்டு ஏரியின் கலங்கல் வழிந்தால் பள்ளத்து ஏரியின் வயிறு நிறையும். மண்வெட்டியும் கூடையும் ஏந்திய உழைப்பாளி அமைத்த ஏற்பாடு இது! எந்தப் பட்டயத்திலும் அவன் பெயர் இல்லை.

அந்தச் சங்கிலியைத்தான் கண்ணி கண்ணியாக அறுத்தோம். பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு துரைப்பாக்கத்துக்குச் சாலை ஓடுகிறது. எண்பது ஏக்கருக்கு மேல் பரந்திருந்த சிட்லபாக்கம் ஏரி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அதற்குள்ளேயே குப்பையும் கொட்டப்பட்டது. கொட்டியவர் எவரோ வழிப்போக்கர் என்று எண்ணாதீர்கள். ஊர்க் குப்பையை அள்ள வேண்டிய உள்ளாட்சி அமைப்பே கொட்டியது! 2019 வறட்சியிலே ஏரி காய்ந்து கிடந்தபோது, ஊர் மக்கள் தாங்களாகவே மண்வெட்டியோடு இறங்கினர். ஓய்வு பெற்றவர் வந்தார், இல்லத்தரசி வந்தார், மாணவர் வந்தனர். மட்கிப்போகாத பைகளைத் தோண்டித் தோண்டி வெளியே எடுத்தனர். அதன் பிறகே அரசு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது. கோட்டைக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தால் கிடைத்திருக்குமா? ஐயமே!

இன்னும் கீழே இறங்குவோம், பள்ளிக்கரணைக்கு. ஏறத்தாழ 5,000 எக்டேர் பரப்பிலே கிடந்த கழுவெளி அது. பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கடலுக்கு விடும் நிலம். அதிகாரிகளின் பதிவேட்டிலே அதற்கு இட்ட பெயர் 'பாழ் நிலம்'. அப்படி எழுதிய பேனாதான் அந்தச் சதுப்பை முதலில் நிரப்பிற்று. மண் லாரி பிறகுதான் வந்தது! சென்னை மாநகரின் குப்பை பெருங்குடியிலே சதுப்பின் மீதே பல்லாண்டுக் காலம் மலையாகக் குவிந்தது. கடலை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கும், காற்றாற்றலை ஆராயும் தேசிய நிறுவனத்துக்கும் அந்த நிலத்திலேதான் இடம் கிடைத்தது. பறக்கும் ரயிலுக்கு நிலையம் எழுந்தது. மென்பொருள் மாளிகைகள் எழுந்தன. எஞ்சியதிலே 1,247.54 எக்டேர், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சர் பட்டியலிலே ஏறியது. பாழ் நிலம் உலகச் செல்வமாயிற்று, முக்கால் பங்கு போன பிறகு!

"போனால் போகட்டும், சதுப்பு நிலத்தால் சாப்பாடா வரும்?" என்று கேட்கும் தோழருக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறோம். 2015 டிசம்பர் 1. அன்று தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்திலே பெய்த மழை 49 சென்டிமீட்டர்! மேற்கே அடையாற்றின் தலைப்பகுதியிலே முடிச்சூரும் வரதராசபுரமும் மிதந்தன. கிழக்கே வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. மாடி உள்ளவர் மாடிக்கு ஏறினார். மாடி இல்லாதவர்? தவணையிலே வாங்கிய தையல் இயந்திரம், மகனின் மதிப்பெண் சான்றிதழ், ரேஷன் அட்டை, மூட்டை அரிசி, எல்லாம் ஒரே இரவிலே சேறாயிற்று.

நான்கே ஆண்டு சென்றது. அதே ஊர்களிலே ஒரு குடத்துக்குத் தவம்! ஆழ்துளைக் கிணறு காற்றைக் கக்கியது. 2019 ஜூலையிலே ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலிலே தண்ணீர் வந்தது; முதல் ரயிலிலே 50 பெட்டிகள், 25 லட்சம் லிட்டர். 49 சென்டிமீட்டர் வந்தபோது பிடித்து வைக்க ஏரி இல்லை. ஆகவே ஜோலார்பேட்டையை நோக்கிக் கை ஏந்தினோம். பணம் படைத்தவர் லாரித் தண்ணீர் வாங்கினார். லாரிக்குக் காத்து நின்று முதல் ஷிப்டைத் தவறவிட்ட தொழிலாளிக்கு அரை நாள் கூலி போயிற்று. மாணவன் வீட்டிலே "குழாயை மூடுங்கள்" என்று சொன்னானே, அதற்குள்ளே இத்தனையும் அடக்கம்!

வெள்ளம் வடிந்ததும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் உலா வந்தது. யார் ஆக்கிரமித்தவர்? ஆற்றங்கரைக் குடிசைதான் அதிகாரியின் கண்ணிலே முதலில் பட்டது. அடையாற்றங்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளிலே இறக்கினர். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலே! ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிச் சதுப்பு வெள்ளத்தின் வாயிலிலே குடி வைத்தனர். 1970-இல் கலைஞர் ஆட்சியிலே குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் நோக்கம். நாளடைவிலே அது நகருக்கு வெளியே நகர்ந்தது. எந்த ஒரு ஆட்சியின் மீதும் மட்டும் பழி போட்டுத் தப்ப முடியாதபடி நகர்ந்தது. ஏரியைக் காக்க வேண்டும் என்று மாணவன் முழங்கும்போது, "யாரை அகற்றி?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கக் கற்றுக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. அந்தப் பாடம் கல்லூரியிலே இல்லை.

"சிறுவர்கள் என்ன செய்துவிட முடியும்?" என்பாரும் உண்டு. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரை அறிவீர்களா? தெருவிலே இஸ்திரி போடுபவர் எரித்த கரியைக் குப்பையிலே கொட்டுவதைப் பார்த்தார். பார்த்தவர் பல்லாயிரவர், அந்தப் பெண் மட்டும், ஒரு நாளைக்கு எத்தனை கரி, எத்தனை மரம், அந்தப் புகை யார் நெஞ்சிலே என்று யோசித்தார். சூரிய ஒளியிலே இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோவிலே கூடிய உலகத் தலைவர்கள் முன்னே நின்று பேசினார். தொழிலாளியின் நெஞ்சைக் கெடுக்கும் புகையிலிருந்துதானே அந்தச் சிந்தனை பிறந்தது! ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தபோது பெரியார் முனைந்து செய்த பணிகளிலே ஒன்று ஊருக்குக் குடிநீர்த் திட்டம். தண்ணீரும் குப்பையும் அரசியல் அல்ல என்று நமக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி நம் வீட்டுக் கதவைத் தட்டுவோம். கூட்டம் என்றால் ஃபிளெக்ஸ் பேனர், பிறந்தநாள் என்றால் ஃபிளெக்ஸ் பேனர், காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ் பேனர்! தலைவர் படம் பெரிதாக, வட்டத்தின் படம் அதைவிடச் சற்றே சிறிதாக! கூட்டம் கலைந்த பின் திடலைப் பாருங்கள்: தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் குவளை, கிழிந்த தோரணம். மறுநாள் மழை வந்தால் அத்தனையும் வடிகாலிலே. 2019 செப்டம்பரிலே பள்ளிக்கரணையிலே இருசக்கர வண்டியில் வந்த ஓர் இளம்பெண் மீது, சாலை நடுவே விதிமீறிக் கட்டியிருந்த திருமணப் பேனர் சரிந்து விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. கட்டியவர் அரசியல் கட்சிக்காரர். உயர் நீதிமன்றம் சினந்தது. பேனர் வைக்கமாட்டோம் என்று கட்சிகள் உறுதி கூறின. அந்த உறுதியின் ஆயுள் எத்தனை நாள் என்பதை வேளச்சேரிச் சாலையிலே போய் எண்ணிப் பாருங்கள்!

எந்தக் கட்சிக்காரர் என்று விரல் நீட்டிக்கொண்டிருக்க நாம் விரும்பவில்லை. இந்த இயக்கம் வளர்ந்தது சுவரெழுத்திலே. காடாத் துணியிலே தீட்டிய பதாகையிலே. ஒவ்வொரு வட்டத்திலும் தூரிகை பிடித்த ஓவியன் ஒருவன் இருந்தான். கூட்டத்துக்குக் கூட்டம் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. ஃபிளெக்ஸ் இயந்திரம் வந்தது. அவன் தூரிகை காய்ந்தது. துணிப் பதாகைக்குத் திரும்புங்கள்: ஏரிக்கு ஒரு குப்பை குறையும், ஒரு தொழிலாளிக்கு வேலை திரும்பும். திடலிலே ஒரு மண்பானையும் நாலு எவர்சில்வர் குவளையும் வைத்தால் தொண்டனின் தாகம் தீராதா?

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது; 70 வட்டங்கள். 2022 நவம்பர் 1-ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று, பம்மலிலே நடந்த பகுதி சபாக் கூட்டத்துக்கு முதல்வர் ஸ்டாலினே வந்து மக்களோடு அமர்ந்து குறை கேட்டார். அந்தச் சபா உங்கள் வட்டத்திலும் கூட வேண்டியது. கூடவில்லையென்றால் கூட்டச் சொல்லுங்கள். கூடும்போது, துணிப்பை மாட்டிய அந்த மாணவனை முன் வரிசையிலே உட்கார வையுங்கள். ஏரியின் எல்லைக் கல் எங்கே, வரத்துக் கால்வாய் எந்தக் கட்டடத்துக்கு அடியிலே போகிறது, வீட்டிலே பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியிலே ஏறியதும் மறுபடி ஏன் ஒன்றாகக் கலக்கிறது என்று அவன் கேட்பான். கவுன்சிலர் நம்மவராக இருந்தால், பதில் வரும்வரை அவரை நாற்காலியை விட்டு எழ விடாதீர்கள்.