அஞ்சல் எந்த வாசலில் வரும்?

ஓர் அலுவலகத்தில் புதிதாக மின்னஞ்சல் சர்வர் ஒன்றை நிறுவுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். அந்தக் கணிப்பொறியிலிருந்தே அதற்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தால் உடனே வந்து சேருகிறது. ஆனால் வெளியிலிருந்து ஒரு கடிதமும் வருவதில்லை. கம்பி இணைப்பு சரியாக இருக்கிறது. அஞ்சல் நிரலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிழை எங்கே?

ஒரே கணிப்பொறிக்குப் பல முகவரிகள் இருக்கலாம். தெருவுக்குத் தெரு நீண்ட வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லை வாசல் மறு தெருவிலும் இருக்குமல்லவா? அதுபோல, வெளியுலகை நோக்கி 203.0.113.10 என்றும், அலுவலக வலையமைப்பை நோக்கி 192.168.1.10 என்றும் இரு முகவரிகள் இருக்கலாம். (203.0.113 என்று தொடங்கும் எண்கள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கணக்குப் புத்தகத்தில் வரும் ராமுவையும் சோமுவையும் போல!) இவற்றோடு 127.0.0.1 என்ற முகவரியும் உண்டு. இது வீட்டுக்குள் அறைக்கு அறை உள்ள கதவு. தெருவிலிருந்து இதனை யாரும் தட்ட முடியாது.

அஞ்சல் நிரல் தொடங்கும்போது, "இன்ன முகவரியில் 25-ஆம் எண் போர்ட்டுக்கு வருவோரை என்னிடம் அனுப்பு" என்று இயக்க அமைப்பிடம் சொல்லி வைக்கிறது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிமுறையிலும் இந்த 25-தான் இருக்கிறது. சொல்லி வைக்காத முகவரிக்கு வருபவரை இயக்க அமைப்பே திருப்பி அனுப்பிவிடும். அவர் வந்ததே அஞ்சல் நிரலுக்குத் தெரியாது. அதன் பதிவேட்டிலும் பிழை எதுவும் காணப்படாது. அனுபவமில்லாதவர்கள் நாள் கணக்கில் திண்டாடுவது இதனால்தான்.

நம் சர்வரின் கோளாறும் இதுவே. அது 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கிறது. 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் நிரலில் 'ஐநெட் இன்டர்ஃபேசஸ்' என்றொரு வரி உண்டு. லினக்ஸ் தொகுப்புகள் சிலவற்றில், பாதுகாப்புக் கருதி, உள்முகவரியை மட்டும் அதில் எழுதி அனுப்புகிறார்கள். அங்கே மூன்று முகவரிகளையும் காற்புள்ளியிட்டு எழுதினால் போதும். ஆனால் அமைப்பை மறுபடி படிக்கச் சொன்னால் மட்டும் போதாது. நிரலை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

'எல்லாம்' என்று பொருள்படும் 'ஆல்' என்ற சொல்லை எழுதிவிட்டால் என்ன? வேலை எளிதுதான். ஆனால் பின்னொரு நாள் புது முகவரி ஒன்றைச் சேர்த்தால், அந்த வாசலும் கேளாமலே திறந்துகொள்ளும். பெயர் சொல்லித் திறப்பதே நல்லது என்பேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அஞ்சல் நிரல்களை அதே 25-இல் ஓட்டவும் அப்போது இடமிருக்கும். இதிலும் ஒரு தொல்லை உண்டு: எழுதிய முகவரி கணிப்பொறியில் இல்லையென்றால் நிரல் தொடங்க மறுக்கும்.

கதவைத் திறப்பது வேறு, வந்தவர் சொன்னதையெல்லாம் செய்வது வேறு. யார் கொடுத்த கடிதத்தையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் சர்வரை விளம்பரக் குப்பை அனுப்புவோர் விரைவில் கண்டுபிடித்துவிடுவர். யாருடைய அஞ்சலை வெளியூருக்கு அனுப்பலாம் என்பதைத் தனியே வரையறுக்க வேண்டும்.

இனி, புறப்படும் அஞ்சல். பல முகவரிகள் இருக்கும்போது, எந்த வாசல் வழியே செல்வது என்பதை வழக்கமாக இயக்க அமைப்பே முடிவு செய்கிறது. பெறும் சர்வரோ, வந்த முகவரி அந்த அலுவலகத்துக்கு உரியதுதானா என்று சரிபார்க்கிறது. பொருந்தாவிட்டால் கடிதத்தை மறுக்கவும் கூடும். ஆகையால் போஸ்ட்ஃபிக்ஸில் 'எஸ்.எம்.டி.பி. பைண்ட் அட்ரஸ்' என்ற மற்றொரு வரியில், புறப்படும் முகவரியையும் குறித்துவிடுகிறார்கள்.