டபுள்ஸுக்குத் தனி வாத்தியார்

மகளைப் பேட்மிண்டனில் டபுள்ஸ் ஆடச் சொல்லிவிட்டார்கள், சிங்கிள்ஸுக்குத் தேறமாட்டாள் என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்களோ என்று கேட்கிறீர்கள். தில்லி லோதி ரோட்டில் டீ குடித்துக்கொண்டே பேச ஏற்ற விஷயம்தான். இந்திய விளையாட்டு ஆணையத்தின் தலைமையகம் இங்கே நேரு ஸ்டேடிய வளாகத்துக்குள்தான் இருக்கிறது. உட்காருங்கள், ஜ்வாலா கட்டாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நடிகர் விஷ்ணு விஷாலின் மனைவி என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று தெரியும். தெரிந்திருக்க வேண்டிய காரணம் வேறு. 2010 அக்டோபர் 14, காமன்வெல்த் போட்டியின் கடைசி நாள். இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள சிரி ஃபோர்ட் அரங்கில் ஜ்வாலாவும் அஸ்வினி பொன்னப்பாவும் சிங்கப்பூர் ஜோடியை வீழ்த்தித் தங்கம் வென்றார்கள். அதே நாள், அதே அரங்கில் சாய்னா நேவாலுக்கும் தங்கம். தங்கக் கணக்கில் இந்தியா 38, இங்கிலாந்து 37, நமக்கு இரண்டாமிடம். ஊர் முழுக்க சாய்னா பேச்சாகவே இருந்தது. டபுள்ஸ் தங்கம் வராமல் போயிருந்தால் வெள்ளிக் கணக்கில் இங்கிலாந்துதான் மேலே போயிருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மறுவருடம் இதே ஜோடி உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றது. 1983இல் பிரகாஷ் படுகோன் வாங்கியதற்குப் பிறகு அங்கே இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

ஜ்வாலா இடக்கை, அஸ்வினி வலக்கை. இது சின்ன விஷயமில்லை. தற்காப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இடக்கைக்காரர் வலது பாதியில் நின்றால் இருவருடைய ஃபோர்ஹேண்டும் நடுவில் வரும். நடுவே வரும் ஷட்டிலை இருவருமே அடிக்கப் போய் மட்டைகள் மோதும். இடம் மாறி நின்றால் நடுவில் இரண்டு பேக்ஹேண்ட்; அவள் எடுப்பாள் என்று இவளும், இவள் எடுப்பாள் என்று அவளும் விட்டுவிடுவார்கள். எது யாருடையது என்பது பேசிப் பேசி, ஆடி ஆடிப் பழக வேண்டியது. தாக்கும்போது ஒருவர் பின்னால், ஒருவர் வலையருகே. அஸ்வினி ஓங்கி ஸ்மாஷ் அடிப்பார். அரைகுறையாகத் திரும்பி வருவதை ஜ்வாலா முன்னாலேயே முடித்துவிடுவார். சர்வீஸும் வேறு. சிங்கிள்ஸில் பின்கோடு வரை தூக்கிப் போடலாம். டபுள்ஸில் எல்லை 76 சென்டிமீட்டர் முன்னதாகவே முடிந்துவிடுவதால் வலையை உரசினாற்போலத் தாழ்வாகப் போட்டால்தான் பிழைப்பு. அதனால்தான் சொல்கிறேன், டபுள்ஸ் ஆடியவரே டபுள்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜப்பானியர் இதைப் புரிந்துகொண்டார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்ற கொரியாவின் பார்க் ஜூ-போங்கை 2004இல் தங்கள் பயிற்சியாளராக அழைத்தார்கள். அங்கே வீராங்கனைகள் கம்பெனி அணிகளில் சம்பளம் வாங்கி ஆடுகிறார்கள்; வருடக்கணக்கில் ஜோடி கலையாமல் இருக்க முடிகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் குழுச் சுற்றில் மிசுகி ஃபுஜீ, ரெய்கா ககீவா ஜோடியிடம்தான் ஜ்வாலாவும் அஸ்வினியும் முதலில் தோற்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்றும், ஒரே புள்ளி வித்தியாசத்தில் காலிறுதி கைநழுவியது. அந்த ஜப்பான் ஜோடியோ வெள்ளியுடன் ஊர் திரும்பியது. ஒலிம்பிக் பேட்மிண்டனில் ஜப்பானின் முதல் பதக்கம். 2016 ரியோவில் நம்மவர்களின் முதல் ஆட்டம் மிசாகி மட்சுடோமோ, அயாகா தகாஹாஷி ஜோடியுடன். அந்த இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். இறுதிப் போட்டியின் கடைசி கேமில் 16-19 என்று பின்தங்கி, வரிசையாக ஐந்து புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கூட நிற்பவளை முழுதாக நம்ப முடிய வேண்டும்.

நம் கதை என்ன? 2013இல் இந்தியன் பேட்மிண்டன் லீக் தொடங்கியபோது பெண்கள் இரட்டையரையே ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜ்வாலா, அஸ்வினியின் அடிப்படை விலை 50,000 டாலரிலிருந்து 25,000க்கு இறங்கியது. 2015இல் ஒலிம்பிக் தயாரிப்புக்கான அரசின் ‘டாப்ஸ்’ திட்டத்தில் முதலில் இவர்கள் பெயர் இல்லை. கனடா ஓப்பனை வென்று, வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். ஜ்வாலாவுக்கு வாய் நீளம் என்பார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் பேர் ஏறியிருக்குமா?

ஆடி முடித்தபின் ஜ்வாலா ஹைதராபாத் அருகே மொய்னாபாதில் தன் பெயரிலேயே அகாடமி தொடங்கினார், 2020இல். இரட்டையர் ஆட்டத்தில் பெயர் வாங்கிய ஒரு பெண் நடத்தும் பயிற்சிக்கூடம் இந்த நாட்டில் அபூர்வம்.

ஆகவே உங்கள் மகள் ஆடட்டும். பணம் கட்டுவதற்கு முன் வாத்தியாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நீங்கள் டபுள்ஸ் ஆடியிருக்கிறீர்களா? இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். கூட ஆடும் பெண்ணின் வீட்டாரோடும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், இரண்டு தோல்விக்காக ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள்.