‘லாக் ஆன்’ என்றால் கடவுச்சொல் வேண்டும்

“மேலும் விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தை லாக் ஆன் செய்யவும்.” செய்தித்தாள் விளம்பரங்களிலும் துண்டறிக்கைகளிலும் இத்தொடரை அடிக்கடி காண்கிறோம். தகவல் தொழில்நுட்பத்திற்குப் பெயர்பெற்ற பெங்களூருவிலும் இதற்குக் குறைவில்லை. ஆயினும் பெரும்பாலான இடங்களில் இது பிழையான வழக்கே.

ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பது மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சிட்ட கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் ஓடிய முடிச்சுகளை மாலுமிகள் எண்ணினர். அக்கணக்கை எழுதிய ஏடு ‘லாக் புக்’ ஆயிற்று. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பு உருவானது. அதில் நுழைய ‘லாகின்’ என்ற கட்டளையும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் ‘புகுபதிகை’ என்னும் சொல், புகுதலையும் பதிதலையும் ஒருங்கே காட்டுவதால் மூலப்பொருளுக்கு மிக நெருங்கி நிற்கிறது. வழக்கில் ஊன்றாமற்போனது நம் குறையே.

ஆக, நாம் யார் என்று மெய்ப்பித்து உள்ளே செல்வதே லாக் ஆன். வட்டி விகிதம், கிளை முகவரி, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றைக் காண அது வேண்டியதில்லை. ‘இணையதளத்தைப் பார்வையிடுக’ என்பதே சரி. கணக்கிருப்பை அறியவும் பணம் அனுப்பவும் மட்டுமே ‘உள்நுழைக’ என்று எழுத வேண்டும். வைப்புநிதி வட்டியைப் பார்க்கவும் கடவுச்சொல் வேண்டுமா என்று மூத்த வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. அவர்கள் சொல்லைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள், எழுதியவரே தவறினார்.

இதை வெறும் மொழிப்பிழையாகத் தள்ளிவிட இயலாது. “கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, உடனே லாக் ஆன் செய்க” என்று மோசடிக்காரர் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் இதே சொல்தான் வருகிறது. எதற்கெடுத்தாலும் லாக் ஆன் என்று படித்துப் பழகியவர், அந்தப் போலித் தளத்திலும் தயங்காமல் கடவுச்சொல்லைப் பதிந்துவிடக்கூடும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல்லைப் பகிர்தல் போன்ற கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை முழுவதும் வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கி ஏற்கும்.

உண்மையான தளத்தை அறிய இப்போது ஓர் அடையாளம் உண்டு. இந்திய வங்கிகளுக்கென ‘பேங்க் டாட் இன்’ என்னும் தனி முகவரியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் மாற அக்டோபர் 31 வரை அவகாசம் தந்தது. அம்முகவரியைப் பதிவு செய்து தருவது ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமே. அச்சொற்கள் முகவரியின் இறுதியில், முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன் இருக்க வேண்டும். இடையில் புகுத்தி, பின்னால் வேறு பெயரை ஒட்டியிருந்தால் அது வங்கியின் தளமன்று.

போலித் தளத்தில் விவரங்களைப் பதிந்துவிட்டால், முதலில் வங்கிக்குத் தெரிவித்து இணையவழிச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணையும் அழையுங்கள்.