நாய்ப் பட்டியில் பாடுபடப் போவது யார்?

பாப்பாரப்பட்டி என்றதும் தருமபுரி மாவட்டத் தோழர்களுக்கு சுப்பிரமணிய சிவாவின் நினைவுதான் முதலில் வரும். வெள்ளையன் சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவர். அந்த நோயையே சாக்காக வைத்து அவரை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தது அன்றைய சர்க்கார். 1925 ஜூலை 23-ல் இந்த ஊரில்தான் அவர் கண்ணை மூடினார். நோயை ஒழிக்க வழி தேடாமல், நோய் கண்டவனை விரட்டிவிட்டால் போதும் என்ற அந்தப் புத்தி ஆட்சி மாறியும் மாறவில்லை. இப்போது தெருநாய் விஷயத்தில் அது மறுபடி தலைகாட்டுகிறது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயிலடி ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. டில்லிக்கும் பம்பாய்க்கும் மட்டுமான உத்தரவல்ல அது. பாப்பாரப்பட்டியைப் போன்ற பேரூராட்சிகளும் அதற்குள் அடக்கம். நாய் வேண்டுமா, மனிதன் வேண்டுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் நடத்தட்டும். நாம் வேறொன்றைக் கேட்கிறோம்: அந்தக் காப்பகத்தில் அன்றாடம் பாடுபடப் போவது யார்?

நாய்ப் பட்டி நடத்துவது கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டுப் போகிற காரியமல்ல. நூறு நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் கூண்டு கூண்டாக மலத்தை அள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் ஈயும் நாற்றமும் ஊரைக் கூட்டிவிடும். நாய் ஒன்றுக்குக் கால் கிலோ தானியம் என்றாலும் நாளைக்கு 25 கிலோ குருணையோ கேழ்வரகோ வேகவைத்தாக வேண்டும். கோழிக்கடைக் கழிவை வாங்கிவந்து அதோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். நம் பக்கத்து நாய்கள் களிக்கும் பழகியவைதான், அந்த மட்டில் லாபம். ஆனால் ஒரே தொட்டியில் கொட்டிவிட முடியாது. வலுத்தது தின்னும், இளைத்தது பட்டினி கிடக்கும். (இதை நாய்களிடம் மட்டுமா பார்க்கிறோம்?) ஆகவே தனித்தனிக் கிண்ணம், தனித்தனி இடம்.

அதற்குப் பிறகு வைத்தியம். புழு வைத்த புண்ணில் மருந்து விட்டு, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுக்க வேண்டும். லாரியில் அடிபட்டு இடுப்பொடிந்த நாயைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கருத்தடை செய்த பெட்டைக்குத் தையல் ஆறும்வரை நான்கைந்து நாள் ஈரம் படாத இடம் வேண்டும். ரத்தக் கழிச்சல் கண்ட குட்டியை அன்றே பிரித்து வைக்காவிட்டால் மற்றக் குட்டிகளும் தப்பாது. இத்தனைக்கும் மேல், கூண்டுக்குள் கைவிடும் ஒவ்வொரு முறையும் கடிபடும் அபாயம் இருக்கிறது.

இந்த வேலைக்கு யாரை அனுப்புவார்கள்? துப்புரவுத் தொழிலாளியைத்தான்! காலையில் சாக்கடை, மத்தியானம் நாய்ப் பட்டி. கூலியோ கான்டிராக்ட் கூலி. நாயோடு புழங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்பது மருத்துவ விதி. அது கான்டிராக்டரின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது?

கொன்றுவிட்டால் என்ன என்று கேட்போர் சென்னையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கார்ப்பரேஷன் பல்லாண்டு காலம் நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. நாய் குறையவில்லை. குப்பையும் இறைச்சிக் கழிவும் இருந்த இடத்திலேயே கிடக்க, செத்ததன் இடத்துக்கு வேறு நாய் வந்து சேர்ந்தது. 1959-ல் விமானி கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ், கருத்தடையே வழி என்று 1964-லேயே சொல்லிற்று. கார்ப்பரேஷன் காதில் அது ஏற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

கடிபடுகிறவனின் துயரத்தை நாம் மறக்கவில்லை. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடி பட்டார்கள். வெறிநோயால் 43 உயிர் போயிற்று. காரில் போகிறவனைத் தெருநாய் கடிப்பதில்லை. இரவு ஷிப்டு முடிந்து நடந்து வருகிறவனையும், விடியற்காலையில் பால் கொண்டுபோகிறவளையும், தெருவில் விளையாடும் பிள்ளையையும்தான் கடிக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்து பச்சிலை கட்டிக்கொள்வோர் இன்னும் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து ஒழிந்து இருபதாண்டு ஆகிறது. இன்று கையில் நான்கைந்து தவணை ஊசி, அதுவும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். கடித்தவுடன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஓட வேண்டியது அங்கேதான். நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் மிக அரிது.

பேரூராட்சிக் கூட்டத்தில் இந்த விவகாரம் வரும்போது நம் தோழர்கள் வாய்மூடி இருக்கக்கூடாது. கால்நடை மருத்துவரும் அறுவைக்கூடமும் இல்லாமல் வேலியை மட்டும் போட்டுக் காப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டினால், அது நாய்களுக்கு நோய்க் கிடங்கு, தொழிலாளிக்குக் கொலைக்களம். நிரந்தர வேலை, முன் ஊசி, கையுறை, காலணி இவை எழுத்தில் வந்த பிறகே ஆள் இறங்க வேண்டும். பட்டிக்கு இடம் தேடுகிற அதிகாரிகளின் கண், வழக்கம்போல் ஊருக்கு வெளியே தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் காலனியின் பக்கம் திரும்புமானால், அங்கே முதலில் போய் நிற்க வேண்டியவர்களும் நாமே.